கடலும் வேண்டும், குழியும் வேண்டும்: மூன்று நாள், ஒரு வாடகைக் கார், எந்தப் பக்கம்?

புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் அரிக்கமேட்டில் மே மாத மதியம் ஒன்றரை மணிக்கு அக்கா மகன் கேட்டான்: "மாமா, எங்க இருக்கு?"

எதிரில் இரண்டு செங்கல் சுவர்கள் நின்றன. அவற்றைக் காட்டி, "இதோ, ரோமானியர்கள் வந்து வியாபாரம் செய்த இடம்" என்று சொல்லிவிட்டிருக்கலாம். ஆனால் அந்தச் சுவர்களுக்கும் ரோமானியர்களுக்கும் சம்பந்தம் இல்லை. அவை 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியார்கள் நடத்திய குருமடத்தின் மிச்சம். 1945இல் மார்டிமர் வீலரும் அவருக்குப் பின் கஸாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் தோண்டிய குழிகள் எல்லாம் மூடப்பட்டு மேலே புல் முளைத்திருக்கிறது. மாமரம், தென்னை, கீழே அரியாங்குப்பம் ஆறு, தலைக்கு மேல் வெயில், அவ்வளவுதான். பையன் காரின் ஏசிக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். அவனைக் குறை சொல்ல முடியவில்லை.

அதற்கு அப்புறம் தமிழகக் கடற்கரையில் இதே மாதிரி மூன்று நாள் பயணங்கள் இன்னும் சில போய்விட்டோம். கடலும் தொல்லியலும் சேர்ந்த சின்ன விடுமுறைக்கு எந்தப் பக்கம் போகலாம் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. எந்த ஊருக்கு அதிகப் பெருமை என்று நான் பார்ப்பதில்லை. மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு மணி வரை உட்கார எங்கே நிழல் இருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

கடலுக்கு நல்ல நேரம் காலை ஆறிலிருந்து எட்டரை, பிறகு மாலை நான்கரைக்கு மேல். திறந்தவெளியில் இருக்கும் பழைய இடங்களுக்கும் அதே நேரம்தான் நல்லது. இரண்டும் ஒரே நேரத்தைக் கேட்டால் ஏதாவது ஒன்று அடிபடும். பழைய பொருள்கள் கூரைக்குக் கீழே இருக்கும் ஊராக இருந்தால் சண்டையே இல்லை. காலையில் அலை, மதியம் அருங்காட்சியகம், மாலையில் திரும்பவும் அலை. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பார்த்தால் மூன்று வழிகள் தேறும். மாமல்லபுரம், புதுச்சேரி ஒன்று. கீழடி, ராமேஸ்வரம் இன்னொன்று. ஆதிச்சநல்லூர், திருச்செந்தூர், மணப்பாடு மூன்றாவது.

பூம்புகாரையும் தரங்கம்பாடியையும் ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்பீர்கள். விடவில்லை, தள்ளி வைத்திருக்கிறேன். தரங்கம்பாடி எனக்கு மிகப் பிடித்த ஊர். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, கடல் பாதி தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில், இரண்டையும் ஒரே மாலையில் நடந்தே பார்த்துவிடலாம். ஆனால் பூம்புகாரின் பெரும்பகுதி கடலுக்கு அடியில் கிடக்கிறது. கீழையூரில் கிடைத்த செங்கல் படகுத்துறையைப் பற்றிப் படித்துவிட்டுப் போனால்தான் அங்கே எதுவும் கண்ணில் படும். குழந்தைகளோடு மூன்று நாள் நிரப்ப அது போதாது. கும்பகோணம், கங்கைகொண்ட சோழபுரத்தோடு சேர்த்தால் அருமையான பயணம், ஆனால் அப்போது அது கோயில் பயணம் ஆகிவிடும்.

காரா, டாக்ஸியா?

ஊரைப் பார்ப்பதற்கு முன்னால் வண்டிப் பேச்சை முடித்துவிடலாம். எந்த ஊர் என்பதைப் பாதி இதுவே முடிவு செய்துவிடுகிறது.

வெளியூர் டாக்ஸியில் பெரும்பாலும் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கி.மீ. என்று கணக்குப் போடுவார்கள். நீங்கள் 60 கி.மீ. ஓடினாலும் 250க்குக் காசு. அதற்கு மேல் டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங். நாமே ஓட்டும் வாடகைக் காரில் நாள் வாடகை, ஒரு கி.மீ. வரம்பு, அதைத் தாண்டினால் கூடுதல் கட்டணம், திரும்பத் தரும் முன்பணம். ஆகவே நெடுந்தூரம் ஓடி ஓடிப் பார்க்கும் பயணத்துக்கு டாக்ஸி நஷ்டமில்லை. ஒரே வட்டாரத்தில் சுற்றிக்கொண்டு, நினைத்த இடத்தில் நிறுத்தி, மத்தியானம் தூங்கிவிட்டு மறுபடி கிளம்பும் பயணத்துக்குச் சொந்தமாக ஓட்டுவதுதான் சரி. கடலோர விடுமுறை என்றால் பெரும்பாலும் இரண்டாவது வகைதான்.

டாக்ஸியில் ஒரு பெரிய வசதி உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை: சாவி. நான்கு பேரும் கடலில் இறங்க வேண்டும், கார் சாவி யாரிடம் இருக்கும்? இப்போதைய சாவிகளுக்கு உள்ளே சிப் இருக்கிறது. ராமேஸ்வரத்தில் ஒருமுறை பேன்ட் பையில் சாவியோடு முழங்கால் அளவு தண்ணீரில் நின்றேன். ஒரு அலைதான் வந்தது. அதற்கு அப்புறம் கதவும் திறக்கவில்லை, வண்டியும் கிளம்பவில்லை. மாற்றுச் சாவி மதுரையில் இருந்தது. அது பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் ஒரு முழு மாலை போய்விட்டது, சாவிக்கான பணமும் முன்பணத்தில் கழிந்தது. டிரைவர் வைத்துப் போயிருந்தால் அவர் வண்டியிலேயே பாட்டுக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார், பைகளும் பத்திரமாக இருந்திருக்கும்.

வாடகைக் கார் எடுத்தால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். நாமே ஓட்ட வாடகைக்குப் பதிவான வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த உபயோக வண்டி. "தெரிஞ்சவர் வண்டி, பாதி வாடகைதான்" என்று சொல்லிக் கொடுப்பார்கள். விபத்து நடந்தால் வாடகைக்கு விட்டது என்ற காரணத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். மிச்சப்படுத்தும் பணத்துக்கு அந்தப் பயம் கட்டுப்படியாகாது.

வண்டியை வாங்கும்போது சுற்றி வந்து வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் சொல்லும் அறிவுரைதான். நான் சேர்ப்பது ஒன்று: இருக்கைக்குக் கீழேயும் டிக்கிக்குள்ளும் கூட எடுங்கள். கடற்கரைப் பயணத்தில் சண்டை வருவது கீறலால் மட்டும் இல்லை, மணலாலும்தான். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா, ஃபாஸ்டேக்கில் பணம் போடுவது யார், இவற்றையும் அங்கேயே கேட்டு முடித்துவிடுங்கள். புதுச்சேரி போவதாக இருந்தால் மாநில எல்லை தாண்டலாமா என்பதை வாய்ப்பேச்சில் விடாமல் எழுத்தில் வாங்குங்கள்.

மாமல்லபுரம், புதுச்சேரி

சென்னையிலிருந்து மாமல்லபுரம் 57 கி.மீ. அளவில் வரும். அங்கிருந்து புதுச்சேரி இன்னும் ஒரு 95. போகவர ஊர்ச் சுற்றலோடு 350க்குள் முடிந்துவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலை நல்ல சாலை, சனிக்கிழமை காலையைத் தவிர.

காட்சிக்கு இதை மிஞ்ச முடியாது. 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு என்று அரை நாளில் கால் வலிக்க வலிக்கப் பார்க்கலாம். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், இந்தியர்களுக்கு 40 ரூபாய்.

ஆனால் எல்லாம் வெட்டவெளி. ஐந்து ரதத்தைச் சுற்றியிருக்கும் மணல் பதினொரு மணிக்கே செருப்பைத் தாண்டிச் சுடும். கடற்கரைக் கோயிலை வெயில் ஏறும் முன்னால் பார்த்தால்தான் அழகு. அப்படியானால் அன்றைய காலைக் கடல் போச்சு. அந்தக் கடலும் குளிக்க நம்பகமானது இல்லை. இழுவை அதிகம், உயிர்ப்பலிகள் நடந்த இடம். போலீஸ் விசில் ஊதினால் கரையேறிவிடுவதுதான் புத்தி.

மாமல்லபுரத்தில் நான் எல்லாரையும் போகச் சொல்லும் இடம் வேறு. ஊருக்கு வடக்கே 5 கி.மீ. அளவில், புலிக்குகைக்குப் பக்கத்தில் சாளுவன்குப்பம். 2004 சுனாமி மணலை வாரிக்கொண்டு போனபோது வெளியே தெரிந்த பாறையில் கல்வெட்டு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு 2005இல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியதில் ஒரு முருகன் கோயில் கிடைத்தது. ஓரத்தில் நின்று கீழே பார்த்தால் மேலே பல்லவர் காலத்துக் கருங்கல்லும் அதற்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கட்டுமானமும் தெரிகின்றன. வாசலில் கல்லால் செய்த வேல் ஒன்றும் நிற்கிறது. ஒரு காலத்துக்கு மேல் இன்னொரு காலம் உட்கார்ந்திருப்பதைப் பாடம் நடத்தாமல் காட்ட இதைவிட நல்ல இடம் தெரியாது. பையன் அங்கே கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தான். புலிக்குகைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் படம் எடுத்துக்கொண்டு இதைப் பார்க்காமலேயே திரும்பிவிடுகிறார்கள்.

அரிக்கமேட்டைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ரோமானிய ஆம்போரா ஜாடித் துண்டுகளும் இத்தாலியிலிருந்து வந்த பளபளப்பான சிவப்பு மட்பாண்டமும் கிடைத்த மண் அது. மணி செய்யும் தொழில் பல நூற்றாண்டு நடந்த ஊர். முதலில் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அங்கே கிடைத்த பொருள்களைப் பாருங்கள், பிறகு சாயங்காலம் நாலரைக்கு மேல் மேட்டுக்குப் போங்கள். வரிசை மாறினால் எங்கள் கதிதான். தரையில் பானை ஓட்டுத்துண்டு எதுவும் கிடந்தால் எடுக்க வேண்டாம், பாதுகாக்கப்பட்ட இடம். எங்கள் பையன் ஒன்றைப் பையில் போட்டு, அக்கா ஒரு அதட்டல் போட்ட பிறகு எடுத்த இடத்திலேயே வைத்தான்.

புதுச்சேரியில் இரவு நடக்க நன்றாக இருக்கும். கார் வைத்திருப்பவர்களுக்கு அது தண்டனை. பிரெஞ்சுத் தெருக்களில் வார இறுதியில் நிறுத்த இடம் தேடியே ஒரு மணி நேரம் போகும். இந்த வழிக்கு மூன்று நாள் கார் வாடகை வீண் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சென்னையிலிருந்து இரண்டே நாள் கிடைக்கிறது என்றால், புதுச்சேரியை விட்டுவிட்டு மாமல்லபுரத்தோடு நின்றுகொள்ளுங்கள்.

கீழடி, ராமேஸ்வரம்

மதுரையில் வண்டி எடுத்தால் 12 கி.மீ. தூரத்தில் கீழடி. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீட்டுச் சாயலில் தூணும் முற்றமுமாகக் கட்டியிருக்கிறார்கள். மதியத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? பெயர் கீறிய பானை ஓடுகள், பகடைக் காய்கள், தந்தச் சீப்பு, சூதுபவள மணிகள். அரசர் யார், போர் எது என்ற பேச்சு இல்லாமல் ஒரு ஊர் எப்படிச் சமைத்தது, விளையாடியது, எழுதியது என்று தெரிகிறது. தன் பெயரைப் பானையில் கீறி வைத்த ஆளைப் பார்த்துப் பையன் சொன்னான், "நான் டிபன் பாக்ஸ்ல எழுதற மாதிரி." பக்கத்தில் பள்ளிச்சந்தைத் திடலில் அகழாய்வு நடந்த இடத்தையும் பார்த்துவிடலாம்.

அப்புறம்தான் சிக்கல். கீழடிக்கும் கடலுக்கும் நடுவே நீண்ட சாலை. ராமேஸ்வரம் மதுரையிலிருந்து 170 கி.மீ.க்கு மேல். வழியில் ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்தில் சேதுபதி கால ஓவியங்களைப் பார்க்க ஒரு மணி நேரம் நிறுத்தலாம், கூரையும் இருக்கிறது. வைகை கடலில் சேரும் பக்கத்தில் அழகன்குளம், சங்க காலத் துறைமுகம். ரோமானியக் காசும் கப்பல் உருவம் கீறிய ஓடும் கிடைத்த ஊர். ஆனால் போய் நின்றால் மற்ற ஊர்களைப் போல ஒரு ஊர். தெரிந்துகொண்டு கடந்து போகலாம்.

பாம்பன் சாலைப் பாலத்தின் மேலே போகும்போது எல்லாரும் காரை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாது, ஆனாலும் நிறுத்துவார்கள். பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம் தெரியும், கப்பல் போக அதன் ஒரு பகுதி அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும். தனுஷ்கோடியைத் தொல்லியல் என்று சொல்வது சரியா என்று தெரியவில்லை. 1964 டிசம்பர் 22 இரவில் வந்த புயலில் அழிந்த ஊர் அது, என் தாத்தா வயதுக்காரர்கள் பார்த்த ஊர். தேவாலயத்தின் பவளக்கல் சுவரையும் ரயில் நிலையத்தின் மிச்சத்தையும் பார்க்கும்போது மண்ணைத் தோண்டிப் பார்ப்பவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பது கொஞ்சம் புரிகிறது. அங்கிருந்து அரிச்சல்முனை வரைக்கும் இரண்டு பக்கமும் கடலாக ஒரு சாலை. இந்த மாநிலத்தில் கார் ஓட்ட இதைவிட நல்ல சாலை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் திரும்பிவிட வேண்டும், சோதனைச் சாவடியில் இருட்டிய பிறகு விட மாட்டார்கள். முனையில் குளிக்கவும் கூடாது, இரண்டு கடல் சேரும் இடத்தில் நீரோட்டம் கண்ணுக்குத் தெரியாது. குளிக்க ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம், குளம் மாதிரி அடங்கிக் கிடக்கும், கூட்டத்தைச் சகித்துக்கொண்டால்.

கணக்குப் பார்த்தால் மொத்தம் 420 கி.மீ. வருகிறது. முதல் நாளும் மூன்றாம் நாளும் சாலையிலேயே போகின்றன, உண்மையான கடல் நாள் ஒன்றுதான். ஓட்டுவதே சுகம் என்பவர்களுக்கு இது முதல் இடம். வயதானவர்கள் கூட வந்தால் டாக்ஸி வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தூரத்துக்கு 250 கணக்கும் பெரிதாக உறுத்தாது, சாவிக் கவலையும் இல்லை.

பொருநைக் கரை

நான் இப்போது கை காட்டுவது இந்தப் பக்கம்தான், பொருநை என்கிற தாமிரபரணியின் கரை.

சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் திருநெல்வேலி. அங்கே வண்டி எடுத்தால் மூன்று நாளில் மொத்தமே 250 கி.மீ. ஓடினால் அதிகம். டாக்ஸிக்காரர் ஒரு நாளைக்குக் கேட்கும் தூரத்தை நாம் மூன்று நாளில் ஓடுகிறோம். சொந்தமாக ஓட்டும் காருக்கு அளவெடுத்துத் தைத்த பயணம். குறை ஒன்று: நெல்லையில் இந்த மாதிரி வாடகை வண்டிகள் குறைவு, முன்கூட்டியே பிடித்து வைக்க வேண்டும். மதுரையில் எடுத்துக்கொண்டு வரலாம் என்றால் போகவர 320 கி.மீ. கூடும், அப்போது இந்தக் கணக்கு உடைந்துவிடும்.

திருச்செந்தூர் சாலையில் 24 கி.மீ. போனால் ஆதிச்சநல்லூர். சாலையை ஒட்டிச் செம்மண் மேடு, உள்ளூரில் பரம்பு என்பார்கள். 114 ஏக்கர் இடுகாடு. 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டினார், 1899 தொடங்கி அலெக்சாண்டர் ரீ தோண்டினார். பொன் நெற்றிப்பட்டம், வெண்கலப் பாத்திரம், இரும்புக் கருவிகள் என்று அள்ளி எடுத்தார்கள். 2004இல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது இறந்தவர்களை வைத்துப் புதைத்த மண் தாழிகள் 160க்கு மேல் கிடைத்தன.

2023 ஆகஸ்ட் முதல் அங்கே ஒரு தள அருங்காட்சியகம் இருக்கிறது. தோண்டிய குழியை மூடவில்லை. மேலே கூரை போட்டு, குழியின் மேல் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். நம் காலுக்குக் கீழே தாழிகள், எந்த இடத்தில் எப்படிச் சாய்ந்து கிடந்தனவோ அப்படியே. அம்மா முதலில் கண்ணாடியில் கால் வைக்கவே இல்லை. உடையுமோ என்ற பயம் என்று நினைத்தேன். "படுத்திருக்கிறவங்க மேல மிதிக்கிறதா?" என்று கேட்டார். பிறகு ஓரமாகவே சுற்றி வந்தார். பையன் குப்புறப் படுத்து, கண்ணாடியில் மூக்கை ஒட்டி, பெரிய தாழிக்குப் பக்கத்தில் கிடந்த சின்னப் பானைகளை எண்ணினான். அரிக்கமேட்டில் "எங்க இருக்கு" என்று கேட்டவனுக்கு இங்கே அந்தக் கேள்வி எழவில்லை. நேரம் மதியம் பன்னிரண்டே முக்கால், வெளியே அதே வெயில்தான்.

மழை, வெயில், ஊர் அலைச்சல் எதற்கும் மாற்றாக நெல்லையில் ரெட்டியார்பட்டி பக்கம் மாநில அரசின் பொருநை அருங்காட்சியகமும் இருக்கிறது. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை அகழாய்வுகளை ஒரே இடத்தில் பார்க்கலாம். சிவகளைத் தாழி ஒன்றில் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று காலம் கணித்திருக்கிறார்கள், அந்த ஊரைக் கடக்கும்போது சொல்லிக்கொண்டு போக ஒரு விஷயம்.

ஏரலில் ஆற்றைத் தாண்டிப் போனால் கொற்கை. இங்கேயும் கண்ணுக்கு அதிகம் தெரியாது. பாண்டியர் துறைமுகம், முத்து விற்ற ஊர், இன்று வயலும் வாழையும் குளமும். கடல் 6, 7 கி.மீ. தள்ளிப் போய்விட்டது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் துறைமுகத்தை ஊராக்கிவிட்டது. இருந்தாலும் கொற்கை அரிக்கமேடு மாதிரி ஏமாற்றவில்லை. காரணம், அதற்கு முன்னால் ஆதிச்சநல்லூரைப் பார்த்துவிட்டோம். குளக்கரையில் ஒரு கிழட்டு வன்னி மரம் இருக்கிறது, இரண்டாயிரம் வருஷம் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அதன் நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்து, "கடல் இங்கே இருந்தது, இப்போது எங்கே?" என்று பையனைக் கேட்டோம். ஃபோனில் வரைபடம் திறந்து விரலால் அளந்துகொண்டிருந்தான்.

கடலுக்குத் திருச்செந்தூர், மணப்பாடு. திருச்செந்தூரில் கோயில் வாசலிலேயே கடல், குடும்பம் குடும்பமாகக் குளிப்பார்கள், கூட்டமே ஒரு பாதுகாப்பு. தைப்பூசம், வைகாசி விசாகம், கந்த சஷ்டி, மாசித் திருவிழா சமயங்களில் அறையும் கிடைக்காது, வண்டியும் நகராது. தசரா நேரத்தில் அடுத்த ஊரான குலசேகரன்பட்டினமும் அப்படியே. காலண்டரைப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

தெற்கே 18 கி.மீ. போனால் மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்று, அதன் உச்சியில் 1581இல் எழுந்த திருச்சிலுவைக் கோயில், கீழே சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. குன்றின் ஒரு பக்கம் அலைச்சறுக்குக்காரர்கள் தேடி வரும் அலை, மறுபக்கம் கழிமுகம் தட்டு மாதிரி அமைதி. சின்னப் பிள்ளைகள் இந்தப் பக்கம், தைரியசாலிகள் அந்தப் பக்கம். காலை ஏழு மணிக்கு மீன் படகுகள் கரையேறும் நேரத்தில் போய்விட வேண்டும்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டதும். தார்ச்சாலை முடிந்த இடத்தில் முன்னால் போன டயர்த் தடங்களை நம்பி இன்னும் ஐம்பது அடி போனேன். அவை டிராக்டர் தடங்கள். படகை இழுக்கும் டிராக்டருக்கும் வாடகை ஹேட்ச்பேக்குக்கும் உள்ள வித்தியாசம் வண்டி அடிவயிறு வரை இறங்கிய பிறகு புரிந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டது. அக்கா சொன்னாள், "நல்லா தோண்டு, தாழி ஏதாவது வரும்." கடைசியில் நான்கு மீனவர்கள் பலகை வைத்து, டயரில் காற்றைப் பாதியாக இறக்கி, பின்னாலிருந்து தூக்கித் தள்ளினார்கள். காசு கொடுத்தால் வாங்கவில்லை. வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது மணல் சுத்தம் செய்ய என்று முன்பணத்தில் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டார்கள், அது நாங்கள் கொண்டுவந்த மணலா முந்தைய ஆளின் மணலா என்று நிரூபிக்க என்னிடம் வீடியோ இல்லை. இருக்கைக்குக் கீழே படம் எடுங்கள் என்று மேலே சொன்னது இதனால்தான்.

திரும்பும் வழியில் நேரம் இருந்தால் தேரிக்காட்டு வழியாக வாருங்கள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் ரத்தச் சிவப்பில் மணல்மேடுகள், நடுவே பனை. சாலையில் நின்று பார்த்தால் போதும், வண்டியை உள்ளே இறக்க வேண்டாம், என் சொல்லைக் கேளுங்கள்.

நாளும் கிழமையும்

ஐப்பசி, கார்த்திகையில் இந்த மூன்று வழிகளும் வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது, இதே சாலைகள்தான் அறுந்து போயின. தை கடைசியிலிருந்து பங்குனி முதல் பாதி வரை நல்லது. மே மாதத்தில் மாமல்லபுரத்தை நினைக்கவே வேண்டாம். பொருநைக் கரையை மட்டும் மேயிலும் சமாளிக்கலாம், மதியத்துக்குக் கூரை இருக்கிறது.

மத்தியத் தொல்லியல் துறையின் தள அருங்காட்சியகங்களுக்கு வழக்கமாக வெள்ளிக்கிழமை விடுமுறை, மாநில அருங்காட்சியகங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாள். வெள்ளி, சனி, ஞாயிறு என்று விடுப்பு எடுப்பவர்கள் முதல் நாளே பூட்டிய கதவில் போய் நிற்பார்கள். நாங்கள் சனி, ஞாயிறு, திங்கள் என்று வைத்துக்கொள்கிறோம். சனிக்கிழமை ஆதிச்சநல்லூர், கொற்கை, இரவு திருச்செந்தூர். ஞாயிறு முழுக்க மணப்பாடு, கோயில் கூட்டம் அன்று உச்சத்தில் இருக்கும். திங்கள் காலை திருச்செந்தூர்க் கடல், அப்புறம் தேரி வழியாக நெல்லை. பொருநை அருங்காட்சியகம் அன்று திறந்திருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு, அதற்கேற்ப ஆதிச்சநல்லூரை மாற்றிப் போடலாம்.

அடுத்த முறை போவதற்கு ரயில் டிக்கெட் போட்டாயிற்று. அம்மா இந்தத் தடவையும் கண்ணாடியில் கால் வைக்க மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டார். இருக்கையில் விரிக்க இரண்டு பழைய போர்வை, டயருக்கு ஒரு சின்ன காற்றுப் பம்பு, ஒரு மரப்பலகை எடுத்து வைத்திருக்கிறேன். அக்கா கடலில் இறங்க மாட்டாள். சாவி அவளிடம்தான் இருக்கும்.